எந்த பிளேயரில் போடப் போகிறீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஹை-ரெஸ் ஆடியோ, அதாவது சிடியைவிட நுணுக்கமாகப் பதிவான ஒலி, பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. கோவை, ஈரோடு, திருப்பூர் என்று நம்ம பக்கத்திலிருந்துதான் அதிகம். எல்லாரும் கேட்பது கடைசியில் ஒன்றுதான்: "டிஸ்கில் ரைட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அந்த டிஸ்கை எதில் போட்டுக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் பெயர் சொன்னால் உங்கள் காசுதான் தண்டம். எழுதியவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லவே இல்லை. சொன்னவர்களுக்கு முதலில் பதில்.

ஏனுங்க, எங்க ஊர்க் கோயில் நோம்பியில் விடிய விடிய நடந்த உடுக்கடிப் பாட்டை, அண்ணன்மார் கதைங்க, கையடக்க ரெக்கார்டரில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். ஊர்ப் பெரியவர்கள் வீட்டில் எல்லாம் பழைய டிவிடி பிளேயர்தான். அதில் போட்டுக் கேட்கிற மாதிரி டிஸ்க் போட்டுக் கொடுக்க ஆசை. கடைக்காரத் தம்பி சிடியில்தான் போட முடியும், தரம் குறையும் என்கிறார். நல்ல சாஃப்ட்வேர் எது, என்ன விலை? – வாசகர், காங்கேயம்

எதுவும் விலைக்கு வாங்க வேண்டாம்ங்க. கடைக்காரத் தம்பி சொன்னதில் பாதி சரி. ஒலியை ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது பிட், நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது கிலோஹெர்ட்ஸ். ஆடியோ சிடி என்றால் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல், அதிகபட்சம் 80 நிமிடம். சோனியும் பிலிப்ஸும் 1980-ல் வகுத்த விதி அது, எத்தனை ஆயிரம் கொடுத்து எந்த சாஃப்ட்வேரை வாங்கினாலும் அதைத் தாண்ட முடியாது. நீங்கள் 24 பிட் ஃபைலை உள்ளே இழுத்துப் போட்டால் அது மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் 16 பிட்டாக்கித்தான் எழுதும், எழுதியதை உங்களிடம் சொல்லவும் சொல்லாது.

ஆனால் சிடியில்தான் போட முடியும் என்பது தப்பு. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இருப்பது டிவிடி பிளேயர் அல்லவா, அங்கேதான் வழி இருக்கிறது. சாதாரண சினிமா டிவிடியின் விதியிலேயே, சுருக்காத ஒலிக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் விட்டிருக்கிறார்கள். எல்பிசிஎம் என்று பெயர். சினிமா டிவிடியில் படமே இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒலியைச் சுருக்கிப் போடுகிறார்கள். நமக்கு ஓடுகிற படம் வேண்டியதில்லை. கோயில் கோபுரத்தை ஒரு போட்டோ எடுத்துத் திரையில் நிறுத்திவிட்டு மற்ற இடம் முழுவதையும் பாட்டுக்குக் கொடுத்துவிடலாம். பிளேயர் அதை ஒரு படம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டும்.

இதற்கு எல்பிளெக்ஸ் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. பார்க்க லட்சணமாக எல்லாம் இருக்காது, பட்டன் கிட்டன் ஒன்றும் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து ஓடும். வேவ் அல்லது ஃபிளாக் (இரண்டுமே தரம் குறையாத ஒலி ஃபைல்கள்) இருக்கிற ஃபோல்டரை அதன் மேல் இழுத்துப் போட்டால், டிவிடி பிளேயருக்குப் புரிகிற வீடியோ-டிஎஸ் ஃபோல்டரைத் தயார் செய்து கொடுக்கும். 48, 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்களை மட்டும்தான் எடுக்கும், 44.1 எடுக்காது, டிவிடி விதியில் அது இல்லை. அந்த ஃபோல்டரை இம்க்பர்ன் என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரில் கொடுத்து டிஸ்கில் எழுத வேண்டியதுதான். இம்க்பர்னின் கடைசிப் பதிப்பு 2013-ல் வந்தது, பழசுதான், ஆனால் இந்த வேலைக்கு இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை என்பது என் அபிப்பிராயம். எழுதி முடித்ததும் வெரிஃபை செய்யச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இலவச சாஃப்ட்வேரையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள், 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் கூடவே வேண்டாததும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி கணக்கு. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 34.5 எம்பி. ஒரு டிவிடியில் 4.7 ஜிபி. அப்படியென்றால் இரண்டே கால் மணி நேரம், படத்துக்கும் மற்றதற்கும் போக இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ராத்திரிக்கு நாலு டிவிடி. அதையே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் ஒரு டிவிடியில் நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், இரண்டு டிஸ்கில் கதை முடிந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு டிஸ்க்தான் போடுவேன். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அறுபது வயதுக்கு மேல் அதில் எவ்வளவோ குறைந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் ஒலி வரைக்கும் தாங்கும். பெரியவர்களுக்குக் கொடுப்பதில் பிட்டை மட்டும் 24-ஆக விட்டுவிடுங்கள். பாட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி வசனமாகச் சொல்கிற இடமும், அடுத்த நொடியே உடுக்கை படபடவென்று அடித்துக் கிளம்புகிற இடமும் ஒரே பதிவில் இருப்பதால், அந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் பிட் வேண்டும்.

உடுக்கை என்றதும் இன்னொன்று. அந்த அடி முள் மாதிரி நிற்கும், ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து பார்த்தாலே தெரியும். 96-ஐ 48 ஆக்கும்போது அந்த முனைகள் இருந்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்துவிடலாம். பதிவு ஏற்கெனவே உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தால் உடுக்கை அடிக்கிற இடங்களில் 'படக்' என்று தெறிக்கும். மாற்றுவதற்கு முன்னால் மொத்தப் பதிவையும் ஒரு டெசிபெல், வேண்டுமானால் இரண்டு, இறக்கிவிடுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது, தெறிப்பு இருக்காது.

96-லேயே போடுவது என்று முடிவு செய்தால் பிளேயரின் ஆடியோ செட்டிங்கில் எல்பிசிஎம் பக்கம் 48 என்று இருக்கிறதா, 96 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 48-ல் இருந்தால் நீங்கள் எழுதியதை அது பாதியாக்கித்தான் வெளியே விடும். விலை குறைந்த பிளேயர்கள் சிலவற்றில் அந்த செட்டிங்கே இருக்காது, கேட்காமலேயே குறைத்துவிடும். இரண்டு டிஸ்க் போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வேண்டுகோள். ஊரெல்லாம் கொடுப்பதற்கு முன்னால் பாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், உறையில் அவர் பெயரைப் போடுங்கள். பாடியவருக்கு அந்தப் பாட்டின் பதிவில் சட்டப்படியே உரிமை உண்டு, பல பேர் அதை நினைப்பதே இல்லை. அப்புறம், டிவிடி என்பது கொடுப்பதற்கு மட்டும்தான். ரெக்கார்டரிலிருந்து எடுத்த மூல ஃபைல்களைத் தொடாமல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். உங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் இதே அண்ணன்மார் கதையை ரீல் டேப்பில் முழுசாகப் பதிவு செய்தார், அந்தப் பதிவை வைத்துத்தான் பிற்பாடு கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சில் வந்தது. உங்களிடம் இருப்பதும் அந்த வரிசையில் சேர வேண்டியது.

பணம் கட்டி 24 பிட் பாட்டு இறக்கி, ஆடியோ சிடியாக ரைட் செய்து கேட்டேன். பழைய சிடிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சாஃப்ட்வேர் ஏமாற்றுகிறதா, பாட்டு விற்றவர் ஏமாற்றினாரா? – வாசகர், திருப்பூர்

சாஃப்ட்வேர் ஏமாற்றவில்லை. மேலே காங்கேயத்துக்காரருக்குச் சொன்னதுதான், ஆடியோ சிடி ஆன பிறகு அது ஹை-ரெஸ் இல்லை. பாட்டு விற்றவர் ஏமாற்றினாரா என்பதை நீங்களே பார்க்கலாம். ஸ்பெக் என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, ஃபைலை அதில் போட்டால் எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று வண்ணப் படமாகக் காட்டும். 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் என்றால் படம் 48 வரை நீளும். அதில் 22-க்குப் பக்கத்தில் கத்தியால் அறுத்தது போல் நேர்கோட்டில் நின்று, மேலே ஒரே கறுப்பாக இருந்தால் சிடியிலிருந்து எடுத்துப் பெரிசாக்கிய சரக்கு. 16-லேயே நின்றுவிட்டால் ஏதோ எம்பி3-யிலிருந்து வந்தது, காசைத் திருப்பிக் கேளுங்கள். லிட்டர் பாலை இரண்டு லிட்டர் கேனில் ஊற்றினால் சொசைட்டியில் இரண்டு லிட்டருக்கா காசு கொடுப்பார்கள்? ஆனால் பழைய டேப் பதிவுகளில் மேலே போகப் போக ஒலி தானாகவே மெலிந்து தேயும், அதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். நேர்கோடுதான் சந்தேகத்துக்குரியது.

சிடியாகத்தான் வேண்டும் என்றால் மாற்றுகிற வேலையை ரைட் பண்ணும் சாஃப்ட்வேரிடம் விடாதீர்கள், தனியாகச் செய்யுங்கள். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் கன்வெர்ட்டர் இருக்கிறது, அதில் ரீசாம்ப்ளரை, அதாவது கிலோஹெர்ட்ஸை மாற்றும் பகுதியை, சேர்த்து 44,100 என்று கொடுத்து, வெளியீடு 16 பிட் வேவ் என்று வைத்து, டித்தர் என்பதற்கு டிக் போடுங்கள். 24 பிட்டின் கடைசி எட்டு பிட்டை வெறுமனே நறுக்கிப் போட்டால் பாட்டு மெல்லத் தேய்ந்து முடிகிற இடத்தில் ஒரு கரகரப்பு வரும். காதுக்கே எட்டாத ஓர் இரைச்சலைத் தூவிவிட்டு நறுக்கினால் அது வராது, அந்தத் தூவலுக்குப் பெயர்தான் டித்தர். வந்த வேவ் ஃபைல்களை சிடிபர்னர்எக்ஸ்பி-யிலோ இம்க்பர்னிலோ எழுதுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கே3பி. நீரோ மாதிரி விலைக்கு விற்கும் சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டினாலும் சிடி ஒன்றும் கூடுதலாகப் பாடாது. இப்படிச் செய்த சிடியையும் மூல ஃபைலையும் மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹை-ரெஸ் அன்பர்கள் என்மேல் கோபப்பட்டாலும் சரி.

கச்சேரிப் பதிவை சிடியில் போட்டால் ஆலாபனை முடிந்து தானம் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு விநாடி நின்று நின்று வருகிறது. – வாசகி, ஆர்.எஸ்.புரம், கோவை

ட்ராக்-அட்-ஒன்ஸ் முறையில், ஒவ்வொரு ட்ராக்காக நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறீர்கள் அம்மா. மொத்தத்தையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் என்று மாற்றி, ட்ராக்குகளுக்கு நடுவில் இடைவெளி வேண்டாம் என்பதையும் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் சேருமிடத்தில் சின்னதாக ஒரு 'டிக்' கேட்டால், ட்ராக்கை வெட்டிய இடம் சரியில்லை. சிடி ஒரு விநாடியை 75 துண்டாகத்தான் பார்க்கும், துண்டுக்கு 588 சாம்பிள், அதாவது ஒலியின் 588 அளவீடு. நீங்கள் நடுத்துண்டில் வெட்டினால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பிவிடும். இதற்கு நல்ல வழி, பதிவை வெட்டவே வேண்டாம், ஒரே நீள வேவ் ஃபைலாக வைத்து ஒரு க்யூ ஃபைலில் எந்த நிமிடத்தில் எந்த ட்ராக் என்று எழுதிக் கொடுப்பது. இம்க்பர்ன் அதைப் படித்து எழுதும்.

என்னிடம் டிவிடி-ஆடியோ முத்திரை போட்ட பழைய பிளேயர் இருக்கிறது. அதற்கென்று டிஸ்க் போட முடியுமா? – வாசகர், பொள்ளாச்சி

முடியும், அதை விற்றுவிடாதீர்கள். டிவிடி-ஆடியோ வேறு, நான் முதலில் சொன்ன பாட்டு நிரப்பிய சினிமா டிவிடி வேறு. இதில் ஆடியோ-டிஎஸ் ஃபோல்டரில் பாட்டு இருக்கும், ஸ்டீரியோ என்றால் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம், முத்திரை இல்லாத பிளேயர் அதைச் சீண்டாது. இலவசமாக டிவிடிஏ-ஆத்தர் இருக்கிறது, அதுவும் கறுப்புத் திரைதான். எழுத்தடித்து வேலை வாங்கப் பொறுமை இல்லையென்றால் சர்லிங்கா நிறுவனத்தின் டிவிடி-ஆடியோ சாஃப்ட்வேர், அது விலைக்கு. இந்தப் பக்கத்தில் பணம் கட்டுவதில் நியாயம் இருக்கிற ஒரே இடம் இதுதான். 192-ல் போட்டால் ஒரு டிஸ்கில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும், அதனால் உங்கள் மூல ஃபைல் 96-ஆக இருந்தால் 96-லேயே போடுங்கள், ஏற்றிப் போடுவதால் ஒன்றும் வராது.

கார் பிளேயரில் போட ஃபிளாக் ஃபைல்களை அப்படியே டிவிடியில் காப்பி செய்தேன். சிலது ஓடவில்லை, ஓடியதன் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. – வாசகர், பெருந்துறை

உங்கள் கார் பிளேயருக்கு டிவிடியும் ஃபிளாக்கும் தெரிந்திருப்பதே பெரிது, பல பேருடையது எம்பி3 சிடியோடு நின்றுவிடும். ஓடாதவை 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்களாக இருக்கும் என்பது என் ஊகம், கையேட்டில் எது வரை எடுக்கும் என்று போட்டிருப்பார்கள். கட்டம் வருவது பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாததால். ஃபைல் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, ஃபைலுக்குள் இருக்கிற டேக்கிலும் பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் மறுபடி கட்டம்தான், ஆகவே இரண்டையும் ஆங்கில எழுத்தில், சின்னதாக, முன்னால் 01, 02 என்று எண் போட்டு வையுங்கள். டிவிடியில் எழுதும்போது விண்டோஸே கேட்கும் கேள்வியில் 'யுஎஸ்பி டிரைவ் போல' என்பதை விட்டுவிட்டு 'சிடி/டிவிடி பிளேயருக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள், முன்னதை கார் பிளேயர்கள் படிப்பது சந்தேகம். காரில் யுஎஸ்பி ஓட்டை இருந்தால் இந்தப் பாடு எதற்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெருந்துறையிலிருந்து ஈரோடு போகிற ரோட்டுச் சத்தத்தில் 24 பிட் எங்கே கேட்கப் போகிறது?

என்ன டிஸ்க் வாங்குவது? எவ்வளவு மெதுவாக எழுதினால் தரம் கூடும் என்கிறார்களே? – வாசகர், ஈரோடு

ஒரு காலத்தில் மோசர்பேர் டிஸ்க் பெட்டிக்கடை வரைக்கும் கிடைத்தது, அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கண்ட பெயரில் கட்டாக வருவதை விட்டுவிட்டு வெர்பேட்டிம் மாதிரி தெரிந்த பெயராக வாங்குங்கள். மெதுவாக எழுதினால் நல்லது என்பது ஓரளவுக்குத்தான். 16 மடங்கு வேகத்துக்குச் செய்த டிவிடியை 4-லிருந்து 8-க்குள் எழுதுங்கள், அதற்கும் கீழே இழுத்தால் டிஸ்கின் மேல் பூசியிருக்கிற சாயம் அந்த வேகத்துக்கு ஆனதில்லை, பிழை கூடத்தான் செய்யும். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், மார்க்கர் போதும். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டிலும் தகரக் கூரைக்கு அடியிலும் வைத்த டிஸ்க் அடுத்த வருசம் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) ரைட் செய்ய எந்த சாஃப்ட்வேர்? – வாசகர், உடுமலை

எதுவும் இல்லை. அந்த டிஸ்க் ஆலையில் அச்சடித்தால்தான் உண்டு, வீட்டு டிரைவால் எழுத முடியாதபடிதான் சோனியும் பிலிப்ஸும் அதைச் செய்தார்கள். உங்களிடம் எஸ்ஏசிடியின் ஒலி முறையில் பதிவான டிஎஸ்எஃப் ஃபைல்கள் இருந்தால், 'டிஎஸ்டி டிஸ்க்' என்ற முறையில் சாதாரண டிவிடி-ஆரில் போட்டால் சோனியின் சில எஸ்ஏசிடி பிளேயர்களும் பிளேஸ்டேஷன் 3-யும் எடுக்கும். பிளேயரின் மாடல் எண்ணை எழுதி அனுப்புங்கள், எடுக்குமா என்று பார்த்து அடுத்த இதழில் சொல்கிறேன்.